கடைசிப் பக்கம் மட்டும்

ஒரு பிரதி எதைச் சொல்லாமல் விட்டது என்று தேடுவது பெண்ணிய வாசிப்பின் பழக்கம். ‘பொன்னரிசி’யின் கதையையும் அப்படிப் படிக்கலாம்.

நெல்லின் இலையில் பீட்டா கரோட்டின் உண்டு; நாம் சோறாக்கும் வெள்ளை அரிசியில் இல்லை. இங்கோ போட்ரிகுஸ், பீட்டர் பேயர் குழுவினர் டாஃபோடில் செடியிலிருந்தும் ஒரு பாக்டீரியாவிலிருந்தும் மரபணுக்களை எடுத்து நெல்லுக்குள் செலுத்தினார்கள். அவை உண்டாக்கிய நொதிகள் அரிசிமணியின் செல்களுக்குள்ளேயே பீட்டா கரோட்டினை உருவாக்கின. உண்டபின் நம் குடலிலுள்ள வேறொரு நொதி அதை வைட்டமின் ஏ ஆக்குகிறது. உடலில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால் அந்த நொதி வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

2000-இல் டைம் இதழ், ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளை இந்த அரிசி காப்பாற்றக்கூடும் என்று அட்டையில் எழுதியது. படத்தில் போட்ரிகுஸும் நெற்பயிரும் மட்டுமே. அந்தக் குழந்தைகளுக்குச் சோறூட்டப் போகிறவள் படத்தில் இல்லை.

எதிர்த்தரப்பில் வந்தனா சிவா, பெண்கள் அறிந்த கீரைகளும் காய்களும் இருக்க இது எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கீரையைத் தேடிப் பறித்து, ஆய்ந்து, சமைப்பது யாருடைய வேலை என்பதையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும். பெண்ணின் அறிவைப் போற்றுவது அவள் வேலைப்பளுவை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

மூன்றாவது பிரதி ஓர் ஒப்புதல் படிவம். 2008-இல் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் 6 முதல் 8 வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சோற்றைக் கொடுத்து ஆய்வு நடந்தது. 2012-இல் கட்டுரை வெளியானதும் சர்ச்சை எழுந்தது. பெற்றோருக்குப் படிவத்தின் கடைசிப் பக்கம் மட்டுமே தரப்பட்டது என்று சீன அதிகாரிகளின் விசாரணை கண்டறிந்தது. அந்தப் பக்கத்தில் ‘மரபணு மாற்றம்’ என்ற சொல்லே இல்லை. 2015-இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

அரிசி தன் வேலையைச் செய்தது என்றே ஆய்வு காட்டியது. முழுப் படிவத்தையும் படித்திருந்தால் அந்தத் தாய்மார்களில் பலர் சம்மதித்திருக்கலாம், சிலர் மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு வேண்டிய சொல்லை மறைத்துவிட்டுப் பெற்ற கையெழுத்து சம்மதம் ஆகாது. குடலின் நொதிகூட உடலின் தேவையைப் பார்த்தே இயங்குகிறது. தாயிடம் கேட்க மட்டும் நேரமில்லாமல் போயிற்று.

நம் நன்மைக்கென்று நீட்டப்படும் எந்தப் படிவத்திலும் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.