பேரிளம்பெண்ணும் இளம் அறிஞரும்

தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை. கீழே ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின் இரைச்சல். மேலே மேசையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர், எங்கள் முன் பதினேழு கோப்புகள். தமிழாய்வில் இளையவர் ஒருவருக்கு ஒரு குடும்ப அறக்கட்டளை ஆண்டுதோறும் தரும் பரிசுக்கான நடுவர் கூட்டம் அது. அறக்கட்டளையின் பெயர் இங்கே வேண்டாம். தொகை பெரியதில்லை. ஆனாலும் கல்லூரி வேலைக்கு அலைகிற ஒருவருக்குத் தன்விவரத்தில் சேர்த்துக்கொள்ள ஒரு வரி கிடைக்கும்.

பன்னிரண்டாவது கோப்பில் இருந்தது புறநானூற்றின் கைம்மைப் பாடல்களைப் பற்றிய நூல். அல்லியரிசி, வேளைக்கீரை, எள்ளுத் துவையல், பருக்கைக் கல் பரப்பிய படுக்கை என்று அந்தப் பாடல்களில் வருகிற பொருள்களைத் துயரத்தின் அடையாளம் என்று சொல்லிக் கடந்துவிடுவதே நம் வகுப்பறை வழக்கம். இந்தப் பெண் அவற்றை ஒரு வீட்டு நிர்வாகத்தின் உத்தரவுகளாக வாசித்திருந்தார். இன்னதைத் தின்னலாம், இன்ன நேரத்தில் தின்னலாம் என்று யார் வகுத்தது, அதை யார் கண்காணித்தது என்று கேட்டிருந்தார். இருபது வருடமாக அந்தப் பாடல்களை நடத்துகிற எனக்கு ஒருமுறையும் தோன்றாத கேள்வி.

அவருக்கு வயது 41 ஆண்டு 5 மாதம். பரிசின் வரம்பு 40. அலுவலகத்தில் யாரோ பிறந்த தேதியைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார்கள். தலைமை நடுவர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார். அந்த மேசையில் நான்தான் ஒரே பெண். "ரூல் ரூல்தானே சார்" என்றேன். கோப்பு மேசையின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

அந்த 40 எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் யோசித்தேன். சின்ன அறக்கட்டளைகள் பெரிய விருதுகளின் விதிகளைப் பார்த்துத்தான் எழுதுகின்றன. 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட பிறகு ஏற்பட்ட குடியரசுத் தலைவர் விருதுகளில் தொல்காப்பியர் விருது, குறள்பீட விருது ஆகியவற்றோடு இளம் அறிஞர் விருதும் உண்டு. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வழியாக ஆண்டுக்கு ஐந்து பேருக்கு, ஆளுக்கு 1 லட்சம் ரூபாய். வயது 30 முதல் 40 வரை. சமஸ்கிருதம், பாலி, அரபி, பாரசீகம் முதலிய மொழிகளின் இளம் அறிஞர்களுக்கு இதேபோல மகரிஷி பாதராயண வியாஸ் சம்மான் இருக்கிறது. அங்கே வயது 30 முதல் 45 வரை. சமஸ்கிருதம் படிக்கிறவர் 45 வரை இளமையாக இருக்கலாம், தமிழ் படிக்கிறவர் 40இல் மூத்துவிட வேண்டும். (சிரிப்பதா வேண்டாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.)

தமிழ் படித்தவளுக்கு 40 என்ற எண் வேறோர் இடத்திலும் பழக்கமானது. உலா இலக்கியத்தின் ஏழு பருவ மகளிரைப் பரீட்சைக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40. அதோடு பட்டியல் நின்றுவிடுகிறது. சேரமான் பெருமாள் நாயனாரின் ஆதியுலா தொடங்கி எத்தனையோ உலாக்கள் வந்தும், தலைவன் பவனி வருகிற வீதியில் 41 வயதுக்காரி நிற்க இடமில்லை. ஆணுக்கும் பாட்டியல்கள் பருவப் பெயர் தருகின்றன. ஆனால் வீதியோரம் வரிசையாக நின்று வயதுவாரியாக எண்ணப்படுகிறவள் பெண்தான். விருது விதியை எழுதிய அதிகாரி உலா படித்திருக்க மாட்டார் என்பது உறுதி. இரண்டுக்கும் ஒரே எண் வந்தது தற்செயல்தான். ஆனால் பேரிளம்பெண்ணின் பருவத்தையே இளம் அறிஞரின் பருவமாக வைத்தால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

என் துறைக்கு வருகிற மாணவிகளில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். எம்.ஏ. முடிக்கும்போது 22. கல்யாணம், முதல் குழந்தை, கணவரின் ஊர், மாமியாரின் நோய், இரண்டாவது குழந்தை. 30 வயதில் பி.எட். என்று திரும்பி வருகிறார்கள். நெட் தேர்வு இரண்டு மூன்று முறை. பிறகு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் பணி: மாதம் 25,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. பகுதிநேர முனைவர் பட்டம் 38இல் முடியும். அதை நூலாக்கப் பதிப்பாளருக்குக் கொடுக்கப் பணம் சேர வேண்டும். கோப்பில் இருந்த பெண்ணின் தன்விவரமும் ஏறக்குறைய இதே வரிசைதான். எம்.ஏ.வுக்கும் ஆய்வுப் பதிவுக்கும் நடுவில் ஒன்பது ஆண்டுகள் வெற்றாக இருந்தன. பக்கத்திலிருந்த நடுவர் அந்த இடத்தைப் பென்சிலால் தட்டி "கேப்" என்றார்.

முனைவர் பட்டப் பதிவில் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தரலாம், பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் விடுப்பு தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை சொல்கிறது. 2022 விதிமுறையிலும் அது தொடர்கிறது. ஆய்வு நடக்கும்போது பெண்ணின் காலம் வேறு விதமாகச் செலவாகிறது என்று ஒப்புக்கொள்கிற அதே உயர்கல்வி அமைப்பு, ஆய்வு முடிந்து பரிசு தரும்போது பிறப்புச் சான்றிதழை மட்டும் கேட்கிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றம் இளநிலை ஆய்வாளர்களுக்கான நல்கையில் முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து கணக்கிட்டு, தாய்க்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் கூட்டித் தந்தது. அதிசயமான யோசனை ஒன்றும் இல்லை. நாங்கள் கூடிய மாடியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் சாரதா வித்யாலயா இருக்கிறது. சகோதரி சுப்பலட்சுமியின் முயற்சியில் தொடங்கிய பள்ளி அது. குழந்தை விதவையாக இருந்து 1911இல் பி.ஏ. முடித்த அவர், தன்னைப் போன்ற பெண்களைத் தேடிச் சேர்த்துப் படிக்க வைத்தவர். 1937இல் சென்னையில் ஆந்திர மகிள சபையைத் தொடங்கிய துர்காபாய் தேஷ்முக், படிப்பை விட்ட பெண்களைப் பெரிய வயதில் மெட்ரிக் தேர்வுக்கு உட்கார வைத்தார். பெண்ணின் படிப்புக்கு வேறு நாட்காட்டி வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்துவிட்டால் பரிசு மறுபடியும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களிடம்தான் போகும், அவர்களிலும் ஆண்களிடம். கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் 40தான் வரம்பு. 1936இல் தொடங்கிய அந்தப் பதக்கம் மரியம் மிர்சாகானி என்ற பெண்ணிடம் வர 2014 ஆயிற்று. வரம்பு இல்லாத ஏபெல் பரிசு கேரன் உலன்பெக்கிடம் 2019இல் வந்தபோது அவருக்கு வயது 76. இரண்டு பக்கமும் நாம் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

காத்திருப்பைப் பற்றி இன்னொன்று. 2005-06ஆம் ஆண்டுக்கான செம்மொழி விருதுகள் 2011இல்தான் கைக்கு வந்தன. 38 வயதில் தேர்வாகிறவருக்கு 44இல் சான்றிதழ் கிடைத்தால் எந்த நேர்முகத் தேர்வில் காட்டுவது? தாமதத்துக்கு அரசுகள் தமக்குத் தாமே எத்தனை ஆண்டு சலுகை கொடுத்துக்கொள்கின்றன என்பதற்கு வீ.எஸ். ராஜம் அம்மையாரின் கதையும் உண்டு. சங்கப் பாடல்களின் மொழிக்கு ஆங்கிலத்தில் விரிவான இலக்கணம் எழுதியவர். அந்த நூல் 1992இல், அவர் ஐம்பதைக் கடந்தபின் வந்தது. 2010ஆம் ஆண்டுக்கான கலைஞர் செம்மொழித் தமிழ் விருது அவருக்கு 2022இல் வழங்கப்பட்டது. அன்று பத்து ஆண்டுகளின் விருதுகளை மொத்தமாகக் கொடுத்தார்கள். பத்துப் பேரில் பெண்கள் இரண்டு பேர்.

நான் ஏன் அப்படிப் பதில் சொன்னேன்? எனக்கு 34இல் முனைவர் பட்டம். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு எழுதினேன். அவள் முதலில் நடந்ததைத் தொலைபேசியில்தான் கேட்டேன். எனக்கு யாரும் சலுகை தரவில்லை, நான் முடித்தேனே என்கிற இறுமாப்பு அந்த "சாரில்" இருந்தது. எனக்கு அம்மா இருந்தாள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நிபந்தனையை மீறச் சொல்கிற ஒரே பெண் நடுவராக அந்த மேசையில் தெரியவும் கூச்சம்.

பரிசு ஒரு நல்ல பையனுக்குப் போயிற்று. வயது 31. கண்ணியமான நூல்தான், குறை சொல்ல மாட்டேன்.

இந்த ஆண்டு மறுபடியும் நடுவராக வரச் சொல்லிக் கடிதம் வந்தது. பிறந்த தேதிக்குப் பதில் பட்டம் பெற்ற தேதியைக் கேளுங்கள், பட்டத்துக்குப் பிறகு எட்டு ஆண்டு என்று வையுங்கள், குழந்தைக்கோ நோயாளிக்கோ செலவான ஆண்டுகளைக் கழித்துக்கொள்ள ஆண், பெண் இருவருக்கும் படிவத்தில் ஓர் இடம் விடுங்கள், அப்படியானால் வருகிறேன் என்று பதில் எழுதினேன். அறக்கட்டளைப் பத்திரத்திலேயே "நாற்பது வயதுக்குட்பட்ட" என்று இருக்கிறதாம். ஆடிட்டரைக் கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள்.