ஒரு ஆல்பம், இரண்டு காது

டேவிட் போவியின் கடைசி ஆல்பத்தைப் பற்றி எனக்கு இரண்டு அபிப்பிராயம் இருந்தது. நடுவில் மூன்று நாள்தான் இடைவெளி.

2016 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை. அவருடைய 69வது பிறந்த நாள். அன்றைக்குத்தான் 'ப்ளாக்ஸ்டார்' வெளிவந்தது. ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு, 'கிழவர் ஜாஸ் பக்கம் போய்ட்டார். டிரம்ஸ் பிரமாதம். முதல் பாட்டு அநியாய நீளம்' என்று நோட்டில் எழுதிவைத்தேன். திங்கட்கிழமை மதியம் செய்தி வந்தது. ஞாயிறன்றே போய்விட்டாராம். பதினெட்டு மாதமாகப் புற்றுநோயாம். அவசர அவசரமாக மறுபடி கேட்டேன். அதே ஏழு பாட்டுதான். ஆனால் டிரம்ஸ் காதிலேயே விழவில்லை, ஒவ்வொரு வரியும் உயில் மாதிரி கேட்டது. இரண்டாவது பாட்டு ஆரம்பிக்கும்போது இரண்டு பலத்த மூச்சு வரும். வெள்ளிக்கிழமை அது தாளம். திங்கட்கிழமை அதுவே ஆஸ்பத்திரி.

நான் மட்டுமில்லை, உலகமே அப்படித்தான் கேட்டது. தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்ட்டியே இது போவி நமக்குத் தந்த பிரியாவிடைப் பரிசு என்ற அர்த்தத்தில் எழுதினார். 1960களின் கடைசியிலிருந்து கூட வேலை பார்த்தவர் சொன்னால் அப்பீல் ஏது? 'தன் மரணத்தையே அரங்கேற்றிய கலைஞன்' என்று தலைப்புகள் பறந்தன. எனக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வேஷம் கட்டுவதும் கலைப்பதும் போவிக்குப் புதுசல்ல. லண்டன் பிரிக்ஸ்டனில் டேவிட் ஜோன்ஸாகப் பிறந்தவர், 1972ல் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற ராக் பாடகனாக வேஷம் போட்டார். மறு வருஷமே, புகழின் உச்சத்தில், மேடையில் வைத்தே அதற்கு மங்களம் பாடினார். அப்படிப்பட்டவர் தன் சாவையும் ஷெட்யூல் போட்டு நடத்தியிருப்பார் என்று நம்புவது சுலபம்.

ஆனால் ஆல்பம் தயாரான கதை வேறு மாதிரி இருக்கிறது.

2014ல் நியூயார்க்கில் 55 பார் என்ற சின்ன ஜாஸ் கிளப்புக்குப் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார் போவி. டானி மெக்காஸ்லின் என்ற சாக்ஸபோன்காரரின் குழு. 'இவர்களைக் கேளுங்கள்' என்று சிபாரிசு செய்தவர் மரியா ஷ்னைடர் என்ற ஜாஸ் இசையமைப்பாளர். அந்தக் குழுவையே அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். அறுபத்தெட்டு வயசு, உடம்பில் புற்றுநோய், கூப்பிட்டால் ஓடிவர எத்தனையோ பழைய ராக் சகாக்கள். அவர்களை விட்டுவிட்டு, தன்னோடு ஆல்பம் போட்டே இராத ஜாஸ்காரர்களுக்கு வீட்டில் பதிந்த டெமோக்களை அனுப்புகிறார்.

2015 ஜனவரியிலிருந்து மார்ச் வரை, மேஜிக் ஷாப் ஸ்டூடியோவில் பதிவு. (அடுத்த வருஷமே அதை மூடிவிட்டார்கள்.) கீமோதெரபி முடிந்து, தலையில் முடியில்லாமல், புருவமும் இல்லாமல் வந்து நின்றாராம். குழுவிடம் மறைக்க வழியில்லை. அவர்களும் வெளியே மூச்சுவிடவில்லை. அந்த நிலையில் குழுவோடு சேர்ந்தே பாடியிருக்கிறார். அப்போது விஸ்கோன்ட்டியும் அவரும் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கென்ட்ரிக் லாமர், ராப்காரர். ராக் அண்ட் ரோலைத் தவிர்ப்பதுதான் திட்டம் என்று பிற்பாடு விஸ்கோன்ட்டி சொன்னார்.

முதல் பாட்டின் நீளத்தைத் திட்டினேனே, அது உண்மையில் வெட்டிச் சுருக்கினது! பத்து நிமிஷத்தைத் தாண்டினால் ஐட்யூன்ஸில் தனிப்பாட்டாக விற்கமாட்டார்கள் என்று 9 நிமிஷம் 57 விநாடிக்குக் கொண்டுவந்தார்கள். சாகப்போகிறவர் செய்கிற கணக்கா இது?

சாவைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை என்று வாதாட வரவில்லை. வியாதியோடுதான் பாடினார், அது குரலில் இருக்கிறது. ஆனால் 'லாஸரஸ்' பாட்டின் வீடியோவைப் பாருங்கள். கண்ணில் கட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில். இதைத்தான் எல்லோரும் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டோம். இயக்குநர் யோஹான் ரெங்க் பிற்பாடு சொன்னது: கட்டில் யோசனை தன்னுடையது, பைபிளில் வரும் லாஸரஸ் கதையிலிருந்து பிடித்தது. இனி சிகிச்சை பலிக்காது என்று போவிக்குத் தெரியவந்தது 2015 நவம்பரில், வீடியோ எடுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான். பாட்டுகள் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டன.

அதற்கப்புறமும் ஆள் ஓயவில்லை. இறப்பதற்குச் சுமார் ஒரு வாரம் முன்னால் விஸ்கோன்ட்டிக்கு ஃபோன். இன்னொரு ஆல்பம் பண்ணலாமா? அதற்கென்று புதுசாக ஐந்து டெமோ வைத்திருந்தாராம். 'பிரியாவிடைப் பரிசு' என்றவரே சொன்ன தகவல் இது.

ஆக, வெள்ளிக்கிழமைக் காதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. இது உயில் இல்லை சார், வேலை. மார்க் குயிலியானாவின் டிரம்ஸ் மெஷின் மாதிரி துல்லியமாக ஓடுகிறது, ஆனால் எந்த மெஷினும் இப்படி நடுவில் தடுக்கிவிட்டு நிமிராது. மெக்காஸ்லினின் சாக்ஸபோன் சில இடங்களில் பாடகரோடு சண்டை போடுகிறது, போவியும் இடம் விட்டுக்கொடுத்து ரசிக்கிறார். எல்லாமே உசத்தி என்று சொல்லமாட்டேன். ஐந்தாவது பாட்டில் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலின் குழூஉக்குறியையும் பழைய லண்டன் ரகசியப் பேச்சையும் கலந்து அடிக்கிறார். புத்திசாலித்தனம்தான், ஆனால் மூன்றாவது தடவை கேட்கையில் அலுக்கிறது. ஆறாவது பாட்டு 'டாலர் டேஸ்', அலட்டாமல் ஆரம்பித்து நெஞ்சுக்குள் இறங்குகிற மெட்டு. கடைசிப் பாட்டில் ஒரு ஹார்மோனிகா வரும். 1977ல் வந்த 'லோ' ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அது எந்த வீட்டு வாசனை என்று சட்டென்று தெரிந்துவிடும்.

ஐந்து கிராமி விருது கிடைத்தது. அமெரிக்காவில் அவருடைய முதல் நம்பர் ஒன் ஆல்பமும் இதுதான். இரண்டும் அவர் போனபிறகு.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. யூட்யூப் பக்கம் போகவேண்டாம், கட்டிலைப் பார்த்தால் தீர்ந்தது. 'சூ' என்ற நாலாவது பாட்டில் ஆரம்பியுங்கள். நல்ல ஹெட்ஃபோன், கொஞ்சம் அதிக சத்தம். முதலில் டிரம்ஸை மட்டும் கவனியுங்கள்.