மனவிழிப்பும் அதன் விலையும்

நாட்பட்ட நோயாளர் நாடும் மன அமைதி இன்று சந்தைச் சரக்காகிவிட்டது. தீராத முதுகுவலிக்கும் தூக்கமின்மைக்கும் மருந்தெனக் கூறி, அமெரிக்காவில் எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி இணையவழியே விற்கப்படுகின்றது. கட்டணம் பல நூறு டொலர் வரை செல்லும். இதனை மோசடியென ஒதுக்குவோரும் உளர். சர்வரோக நிவாரணியெனப் போற்றுவோரும் உளர். விற்கப்படும் பொருள் யாதென இரு சாராரும் கூர்ந்து நோக்கினாரல்லர்.

பயிற்சியின் மூலம் நமக்கு அந்நியமன்று. பாளியில் அது ‘சதி’ எனப்படும். (தமிழில் இச்சொல் தரும் பொருளுக்கு நாம் பொறுப்பல்லோம்.) முன்னர் இலங்கையில் சிவில் உத்தியோகம் பார்த்த ரீஸ் டேவிட்ஸ், 1881இல் அதனை ‘மைண்ட்புல்னெஸ்’ என ஆங்கிலப்படுத்தினார். 1979இல் மசாச்சுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜோன் கபட்-சின் அப்பயிற்சியைச் சமயச் சார்பின்றி வகுத்து, வைத்தியத்தால் போதிய பயன் பெறாத நோயாளருக்குக் கற்பித்தார். வாரம் ஒரு வகுப்பு. வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரப் பயிற்சி. இன்று விற்கப்படும் பாடங்கள் பலவும் இதன் வழிவந்தவையே.

பயன் உண்டா? உண்டு, ஆனால் அளவோடு. நாட்பட்ட முதுகுவலியுடைய 342 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய பரிசோதனையின் முடிவு 2016இல் வெளியாயிற்று. இருபத்தாறு வாரங்களின் பின் மனவிழிப்புப் பயிற்சி பெற்றோருள் 60.5 வீதத்தினர் அன்றாடக் கருமங்களை ஆற்றுவதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோருள் இது 44.1 வீதம். சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் உளச்சிகிச்சை பெற்றோருள் 57.7 வீதம். எனவே பயிற்சி பொய்யன்று; ஈடிணையற்றதுமன்று. மற்றுமொன்று: இவ்விரு பயிற்சிகளுக்கும் தெரிவானோருள் எட்டு வகுப்புகளில் ஆறுக்கேனும் வந்தோர் 53.7 வீதத்தினரே. வலியோடு வாழ்பவருக்கு ஒழுங்காக வருவதே பெரும்பாடு என்பதை விளம்பரம் எழுதுவோர் அறியார் போலும்!

அப்பரிசோதனையில் ஆசிரியர் நேரே நின்று கற்பித்தார். நோயாளர் குழுவாகக் கூடினர். பதிவுசெய்த குரலை மட்டும் விற்பவர் அம்முடிவைத் தம் சரக்குக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகுமா? தேர்ந்த ஆசிரியர் வாரந்தோறும் நோயாளரின் ஐயங்களைக் கேட்டு வழிகாட்டினால் அவ்வுழைப்புக்கு ஊதியம் நியாயமே. வெறும் பதிவுக்குப் பெருந்தொகை எதற்கு? இதே எட்டு வாரப் பாடத்தைப் ‘பலூஸ் மைண்ட்புல்னெஸ்’ முழுமையாகவும் இலவசமாகவும் இணையத்தில் வழங்குகின்றது.

றொனால்ட் பர்சர் 2019இல் எழுதிய ‘மக்மைண்ட்புல்னெஸ்’ என்னும் நூல் இவ்வணிகத்தைக் கடுமையாகச் சாடுகின்றது. சமுதாயம் விளைவிக்கும் துன்பத்தைத் தனிமனிதனின் உள்ளக் குறையாக்குகின்றனர் என்பது அவர் வாதம். அது மெய்யென்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அமேசன் நிறுவனம் 2021இல் தன் பண்டகசாலைகளில், தொழிலாளர் தனித்திருந்து மனவிழிப்புப் படங்களைப் பார்ப்பதற்குச் சிறு கூண்டுகளை அறிமுகம் செய்தது. சுமை தூக்கி முதுகு நொந்தவனுக்கு வேண்டியது வேலை வேகத்தின் தணிவு, கிடைத்ததோ கூண்டு.

ஆயினும் பர்சரோடு நாம் முற்றாக உடன்படோம். சமுதாயம் மாறும்வரை இன்றிரவு வலியால் உறங்காதவள் காத்திருக்க இயலாது. மூச்சைக் கவனிப்பதால் அவளுக்குச் சிறிது ஆறுதல் கிட்டுமாயின் அதனைப் பிற்போக்கெனப் பழிக்க நமக்கு உரிமையில்லை. நாம் எதிர்ப்பது வேறொன்று. மருந்து பலிக்காவிடில் மருந்தைக் குறை கூறுகிறோம். இப்பயிற்சி பலிக்காவிடில், ‘நீர் மனமொன்றிச் செய்யவில்லை’ என்று நோயாளரையே குறை கூறலாம். பணத்தையும் இழந்து பழியையும் அவர் சுமப்பதா? சேர்ந்தோர் எத்தனை பேர், முடித்தோர் எத்தனை பேர், பயன் காணாதோர் எத்தனை பேர் என்ற கணக்கை, கட்டணம் வாங்குமுன் விற்பவர்கள் வெளியிடட்டும்.