‘என் சரித்திர’த்தில் பொருளும் பணியும்

1906ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்கட்கு மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் வழங்கப்பெற்றபொழுது பாரதியார் அவரை வாழ்த்திப் பாடிய செய்தியைத் தமிழுலகம் நன்கறியும். செல்வம் இல்லையே என்றும், அதனால் வரும் இன்பங்கள் கிட்டவில்லையே என்றும் மனம் வருந்த வேண்டா, புலவர் வாயில் நீர் என்றும் வாழ்வீர் என்பது அவ்வாழ்த்தின் சாரம். (ஐயரவர்கள் 1903இலேயே சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்துவிட்டார். எனினும் பாரதியார் அவரைக் குடந்தைநகர்க்கு உரியவராகவே விளிக்கின்றார். ஒருவர் பணி செய்து புகழ்பெற்ற ஊர் அவரை எளிதில் விடுவதில்லை போலும்.) அன்றுதொட்டு, பொருளை வெறுத்துத் தமிழை விரும்பியவர் என்று ஐயரவர்களைப் போற்றுதல் மேடையிலும் பாடநூலிலும் மரபாகிவிட்டது. இம்மரபுரை அவர் தம் கையாலேயே எழுதிய ‘என் சரித்திர’த்தோடு பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள். பொருந்தாது என்பது எம் துணிபு. பொருளை வெறுத்தவர் அதனை இத்துணை நுட்பமாக நினைவில் வைத்திரார்.

‘என் சரித்திரம்’ 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்தது. 1942 ஏப்பிரலில் ஐயரவர்கள் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. பின்னர் 1950இல் நூல் வடிவம் பெற்றது. எண்பத்தைந்தாம் ஆண்டை அணுகிய ஒருவர் தம் இளமையை நோக்கி எழுதியது அது. அதனைப் படிக்குங்கால் ஒரு செய்தி நம் கருத்தைக் கவராமற் போகாது. யார் எவ்வூரில் உணவளித்தார், யார் ஆடை கொடுத்தார், எக்கடன் எவ்வாறு பெருகிற்று, எந்தக் கையொப்பம் எந்தச் செல்வரிடம் பெறப்பட்டது என்பன போன்ற குறிப்புக்கள் நூல் நெடுகிலும் பரந்து கிடக்கின்றன. நூலிலுள்ள வரவு செலவுச் செய்திகளை மட்டும் தொகுத்தாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு தமிழ்ப் புலவன் எதனை உண்டு எவ்வாறு உயிர் வாழ்ந்தான் என்பதற்கு அது தக்கதொரு சான்றாகும்.

இளமைப் பகுதியை முதற்கண் நோக்குவோம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இராமாயணம் முதலியவற்றை இசையோடு எடுத்துரைத்து, ஊர்ப் பெரியோர் அளிக்கும் நெல்லையும் பணத்தையும் கொண்டு வாழ்ந்தவர். ஓரூரில் ஆதரவு குறையின் வேறோர் ஊர்க்குக் குடிபெயர்தல் அக்குடும்பத்தின் இயல்பாயிற்று. இவ்விடப்பெயர்ச்சிகள் பலவற்றிற்கும் காரணம், மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வல்லார் ஒருவர் அவ்வூரில் இருந்தமையே என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆங்கிலம் பயின்றால் இவ்வுலக வாழ்வு செழிக்கும் என்றும், வடமொழி பயின்றால் மறுமைக்கு உறுதியாம் என்றும் உற்றார் அறிவுரை கூறினர். தமிழோ இரண்டனுள் ஒன்றனுக்கும் உதவாதது என அவர்கள் கருதினர் போலும். அவ்வறிவுரையை ஐயரவர்கள் எள்ளி நகையாடாது எழுதுகின்றார். அவ்வுறவினர் கூற்றில் உலகியல் உண்மை இருந்தது என்பதை அவர் அறிவார். குடும்பக்கடனைத் தீர்க்கும் பொருட்டுக் காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணத்தைப் பிரசங்கம் செய்ய நேர்ந்ததையும் அவர் மறையாது கூறுகின்றார். கற்ற தமிழைக் காசாக்கிய இழிவாக அதனை அவர் கருதவில்லை. கடன் தீர்ந்தது, மீண்டும் பாடங்கேட்கச் செல்லலாம் என்ற ஆறுதலே அப்பகுதியில் ஒலிக்கின்றது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைப் பற்றிய பகுதிகளில்தான் இச்செய்தி ஆழம் பெறுகின்றது. ‘என் சரித்திர’த்தோடு, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த பிள்ளையவர்கள் சரித்திரத்தையும் சேர்த்துப் படித்தல் நலம். பிள்ளையவர்கள் மாணாக்கரிடம் ஊதியம் பெறாது பாடஞ்சொன்னவர். வந்தவர்க்கு உணவளித்துத் தம் வீட்டிலேயே வைத்துக் கற்பித்ததும் உண்டு. சாதியும் சமயமும் அவர் பார்த்திலர். பல்லாயிரக்கணக்கான செய்யுட்களை இயற்றிய அப்பெரியார், தலபுராணம் பாடுவித்த செல்வர்களின் கையை எதிர்நோக்கியும் கடன்பட்டும் வருந்தியதை ஐயரவர்கள் விரித்துரைக்கின்றார்.

இவ்விடத்தில் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. வறுமையைப் புலமையின் அணிகலனாக்கி விடுவர். புலவன் பசித்திருத்தலே அவன் புலமைக்குச் சான்று என்பதுபோல் எழுதுவர். ஐயரவர்கள் அவ்வாறு எழுதினாரல்லர். தம் ஆசிரியர் துயருற்ற இடங்களில் அவர் நெஞ்சம் நோகின்றது. இத்தகையார்க்கு இந்நிலை நேர்ந்ததே என்னும் வருத்தமும், உதவக்கூடியவர் உதவாமை பற்றிய மனக்குறையும் அவ்வரிகளில் வெளிப்படுகின்றன. வறுமை நீங்கியிருப்பின் பிள்ளையவர்கள் இன்னும் மிகுதியாகக் கற்பித்திருப்பார், இயற்றியிருப்பார் என்பதே அவர் கருத்தென யாம் உணர்கின்றோம். பணியின்மேற் பெருங்காதல் கொண்டவனுக்குப் பொருளின்மை தடையேயன்றிப் பெருமையன்று. பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரும் இக்கருத்திற்கு மாறுபடார்.

1876இல் ஆசிரியர் மறைந்த பின்னர், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் ஐயரவர்கள் வாழ்ந்தார். உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை, கற்பிக்க மாணாக்கர் உண்டு, ஏட்டுச்சுவடிகள் நிறைந்த புத்தகசாலை உண்டு. அந்நிலையை விட்டு, தியாகராச செட்டியார் வற்புறுத்த, 1880இல் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் கும்பகோணம் கல்லூரிக்குச் சென்றார். பொருளை வெறுத்தவர் என்னும் மரபுரைக்கு இந்நிகழ்ச்சியே தக்க மறுப்பாகும். நிலையான வருவாய் கிட்டிற்று என்ற மகிழ்ச்சியை அவர் ஒளிக்கவில்லை. தந்தையார்க்கு முதுமையில் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் வாய்ப்பும் அதனாலேயே உண்டாயிற்று. மடத்தை விட்டுப் பிரிதற்கு அவர் நெஞ்சம் இரங்கியது உண்மை. ஆயினும் 50 ரூபாயின் அருமையும் அவர்க்குத் தெரிந்தே இருந்தது.

அவ்வாண்டு அக்டோபரில்தான் கும்பகோணத்து முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். அந்தாதியும் கோவையும் பிள்ளைத்தமிழும் புராணமும் எனத் தாம் கற்றவற்றை ஐயரவர்கள் அடுக்கிக் கூற, சீவகசிந்தாமணி படித்ததுண்டோ என முதலியார் வினவிய அந்த உரையாடல் பலராலும் எடுத்தாளப்பட்டுத் தேய்ந்துபோயிற்று. ஆதலின் அதனை யாம் மீண்டும் விரித்துரையோம். எம் பொருளுக்கு வேண்டுவது ஒன்றே. அச்சந்திப்பு நிகழ்ந்தபொழுது ஐயரவர்கள் மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர். ஊர்தோறும் பிரசங்கம் செய்து கடன் தீர்க்கும் நிலையில் அவர் இருந்திருப்பின், பொருள் விளங்காத ஒரு சமண காவியத்தின்மேல் ஏழாண்டுகள் செலவிட இயன்றிராது. வருவாய் அவர்க்கு ஓய்வைத் தந்தது. அவ்வோய்வை அவர் முற்றிலும் சிந்தாமணிக்கே கொடுத்தார். பொருளுக்கும் பணிக்கும் உள்ள தொடர்பை இதனினும் தெளிவாகக் காட்டும் பகுதி இந்நூலில் வேறில்லை.

இனி, சி. வை. தாமோதரம் பிள்ளை சிந்தாமணிப் பதிப்பைத் தம்மிடம் விடுமாறு வேண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். பொருளையும் பணியையும் ஐயரவர்கள் எவ்வாறு நிறுத்தார் என்பதற்கு அதுவே உரைகல். பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறியவர், வழக்கறிஞர், பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கியவர். வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம் ஆகியவற்றை முன்னரே அச்சேற்றியவர். அப்பதிப்புக்களால் தமக்கு நேர்ந்த பொருளிழப்பையும் உழைப்பையும் தம் பதிப்புரைகளில் அவர் மனம்நொந்து கூறியிருக்கின்றார். ஆதலின் அவ்வேண்டுகோளைப் பேராசை எனக் கொள்ளுதல் நேர்மையாகாது. அச்சுத்தொழிலின் இடர்களை அறிந்தவர், அதன் சுமையைத் தாம் ஏற்பதாக முன்வந்தார் என்றே கொள்ளுதல் தகும்.

இவ்வேண்டுகோளுக்கு ஐயரவர்கள் இசைந்திருப்பின், கையொப்பம் நாடி அலையவேண்டுவதில்லை. விடுமுறைதோறும் சென்னைக்குச் சென்று அச்சுக்கூடத்தில் தாள்களைத் திருத்தவேண்டுவதில்லை. கடன்படவேண்டுவதும் இல்லை. வாணாள் முழுதும் கடனின் கொடுமையைக் கண்டு வளர்ந்த ஒருவர்க்கு இது சிறிய வாய்ப்பன்று. அதனை அவர் மறுத்தார். அவர் துறந்ததாகப் போற்றத்தக்கது செல்வமன்று, அந்நாளில் அவரிடம் துறத்தற்குரிய செல்வம் இருந்ததுமில்லை. அவர் துறந்தது கடனின்மை என்னும் அமைதியை. எந்தப் பணியில் தம் நெஞ்சு தோய்ந்துவிட்டதோ அதனைப் பிறர் கையில் ஒப்படைக்க அவரால் இயலவில்லை. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. அதே ஆண்டில் தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தது.

அம்மறுப்பிற்குப் புகழ்வேட்கையே காரணம், பொருளினிடத்தில் புகழ் வந்து அமர்ந்ததன்றி வேறென்ன என்று கூறுவாரும் உளர். இக்கூற்றை யாம் முற்றும் தள்ளுவோமல்லேம். தம் பெயரால் நூல் வெளிவருதலில் அவர்க்கு விருப்பம் இருந்தது. அதனை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் புகழ் ஒன்றே நோக்கமாயின் சிந்தாமணியோடு நின்றிருக்கலாம். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்த அவ்வரிசையில், ஒவ்வொரு நூலுக்கும் ஏடுதேடும் அலைச்சலும் பணமுடையும் புதிதாகத் தொடங்கின. மேலும், நூலில் அவர் உவகையின் உச்சத்தை அடையும் இடங்கள் பாராட்டுப் பெறும் இடங்களல்ல. உரையாசிரியர் காட்டிய ஒரு மேற்கோள் எந்நூலைச் சார்ந்தது என விளங்கும் இடம், பிழைமலிந்த ஏட்டில் ஒரு சொல் தன் உண்மை வடிவில் தோன்றும் இடம், இவைபோல்வனவே. துயரத்தின் உச்சமும் அவ்வாறே. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகளை வேள்வித்தீயில் இட்டனர் எனக் கேட்டபொழுது அவர் கொண்ட வேதனை, தம் கடன்களைப் பற்றி எழுதும் எந்த இடத்திலும் காணப்படாதது. ஒருவன் எதனை உண்மையான இழப்பாகக் கருதுகின்றான் என்பதை இத்தகைய இடங்களே காட்டுகின்றன.

இந்நூலின்கண் எமக்குள்ள குறையையும் கூறவேண்டும். பணிக்காகத் தாம் கொடுத்த விலையை அணுவணுவாக எழுதிய ஐயரவர்கள், அவ்விலையில் ஒரு பகுதியைத் தம் இல்லத்தார் கொடுத்ததைப் பற்றி மிகச் சுருக்கமாகவே எழுதுகின்றார். தந்தையாரின் உழைப்பும் இடப்பெயர்ச்சியும் விரிவாகவே கூறப்பட்டுள்ளன. ஆனால் 1868இல் நிகழ்ந்த திருமணத்தை விரித்துரைத்த நூல், அதற்குப் பின்னர் மனைவியாரைப் பற்றி அரிதாகவே பேசுகின்றது. விடுமுறை முழுதும் தலைவர் சென்னையிலோ ஏடுதேடியோ கழித்த ஆண்டுகளில் கும்பகோணத்து வீடு எவ்வாறு நடந்தது? கையொப்பப் பணம் வரத் தாழ்த்தபொழுது அடுப்பங்கரையில் எது குறைந்தது? அக்காலத்து ஆடவர் இத்தகையன எழுதும் வழக்கமில்லை என்று அமைதி கூறலாம். எனினும் வரவு செலவில் இத்துணை நேர்மை காட்டிய ஒரு நூலில், இவ்வொரு பக்கம் வெற்றிடமாக நிற்றல் கண்ணை உறுத்துகின்றது.

மற்றொரு வரம்பும் உண்டு. சரித்திரம் மணிமேகலைப் பதிப்பை அடுத்த காலத்தோடு நின்றுவிடுகின்றது. மாநிலக் கல்லூரிப் பணி, பட்டங்கள், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த டாக்டர் பட்டம் ஆகியவை அவர் கையால் எழுதப்பெறவில்லை. வறுமையில் பொருளை அளந்து எழுதிய அவர், வாழ்வு செழித்த பின்னர் அதனை எவ்வாறு அளந்திருப்பார் என்பதை இந்நூல்கொண்டு அறிதல் இயலாது. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயர். தம்மை அந்த 50 ரூபாய் வேலையில் அமர்த்திய செட்டியாரின் பெயர் அது. அவ்வில்லம் 2012இல் இடிக்கப்பட்டது. பிற்காலச் செய்திகளுக்குக் கி. வா. ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ உதவும். ஆயினும் மாணாக்கர் எழுதியதில் ஆசிரியரின் கணக்கேட்டை எதிர்பார்த்தல் தகாது. 1943இல் நிறுவப்பெற்ற அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தில் அவர்க்கு வந்த கடிதங்கள் காக்கப்பெற்று வருகின்றன. அவற்றுள் கையொப்பக்காரர்களும் புத்தகம் விற்போரும் எழுதியவற்றைச் ‘சரித்திர’த்தின் கூற்றுக்களோடு ஒருவர் ஆண்டுவாரியாக ஒப்பிட்டு நோக்குவாராயின், யாம் ஈண்டு நூலை மட்டும் துணைக்கொண்டு கூறியவை எத்துணை உறுதியுடையன என்பது தெளிவாகும்.