மறுமுனையில் அறை இல்லாத கிளினிக்

நாடு ஊரடங்குக்குள் போன 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும் வந்தன. ஆனால் அவை பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. உளவியலாளருக்கே அவற்றில் இடமில்லை என்னும்போது, பயிற்சியில் இருக்கும் மாணவர் எம்மாத்திரம்? கச்சிபௌலி மத்தியப் பல்கலைக்கழகம், செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் அறிவுத்திறன் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் என உளவியல் படிப்புக்கு மாணவர்கள் தேடிவரும் ஊர் ஹைதராபாத். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பயிற்சி கிளினிக்கைப் போனிலேயே நடத்தினால் எது தேறும், எது தேறாது?

தேறுவது மேற்பார்வை. நேரில் பேராசிரியர் அறைக்குள் வந்து உட்கார்ந்தால் ஆலோசனைக்கு வந்தவருக்கு வாயடைத்துப்போகும். உட்காராவிட்டால் மாணவர் நினைவிலிருந்து சொல்வதுதான் கணக்கு. காணொலியிலோ, வந்தவரின் சம்மதத்தோடு பேராசிரியர் கேமராவை அணைத்துவிட்டு ஓரமாக இருக்கலாம். ‘அவர் அழட்டும், நீ பேசாதே’ என்று மாணவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கும் காணொலி வசதி. சட்டைப் பொத்தான் போடப் பழக்குவதை அந்த வீட்டிலேயே, அந்தச் சட்டையிலேயே பார்த்துத் திருத்தலாம்.

சோதனைகள் தேறாது. ரோர்ஷாக்கின் 10 மைக்கறை அட்டைகளை ஒருவர் எப்படிப் பிடிக்கிறார், எப்போது திருப்புகிறார் என்பதெல்லாம் குறிப்பில் ஏறவேண்டியவை. திரையில் காட்டினாலும் மதிப்பெண் வரும்; எதை அளந்தோம் என்பதுதான் தெரியாது. அந்த மணிநேரங்களைப் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதை என்னால் ஏற்கமுடியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை வீடு. பழைய நகரத்தின் ஒற்றை அறை வீட்டில் கணவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் பெண், மாமியார் உள்ளே வந்ததும் ‘ஆமாம், சமையல் ஆயிடுச்சு’ என்று பேச்சை மாற்றுவாள். அனுபவசாலிக்குப் புரியும், புது மாணவர் ‘என்ன சொன்னீங்க?’ என்று திரும்பக் கேட்டுவைப்பார். சாக நினைக்கிறேன் என்றவர் இணைப்பைத் துண்டித்துவிட்டால் முகவரிகூடக் கையில் இருக்காது. போனே இல்லாதவர் வராதவர் பட்டியலிலும் இருக்கமாட்டார்.

இத்தனைக்கும் திரையைக் குறைசொல்லிப் பயனில்லை. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு 2010லேயே புதுக்கோட்டைக் கிராமங்களுக்குத் தொலைமனநலப் பேருந்தை அனுப்பியது. மருத்துவர் சென்னையில், நோயாளியோ பேருந்துக்குள், பக்கத்தில் ஊர்ப் பணியாளர், மருந்தும் அங்கேயே. மறுமுனையில் ஓர் இடமும் ஓர் ஆளும் இருந்தார்கள். ஹைதராபாத்தில் 2018 முதல் பஸ்தி தவாகானா என்னும் சிறு அரசு மருத்துவ நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, ஒரு டேப்லெட், வெளியே ஒரு செவிலியர் என்று பல்கலைக்கழகங்கள் கேட்டுப்பெற்றால், மாணவர் கச்சிபௌலியிலேயே இருந்து பேசலாம். கேட்கவேண்டியது சுகாதாரத் துறையிடம். மருத்துவ உளவியல் படிப்புக்கு அங்கீகாரம் தரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலோ சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது; இரண்டும் வேறு வேறு துறைகள்.