மேடைக் கிட்டாரின் ஒலி: பிக்கும் பெடலுக்கான மின்சாரமும்

உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் ஆடி மாத அம்மன் திருவிழா இரவுகளில் மெல்லிசைக் குழுக்கள் மேடையேறுகின்றன. குழுவில் மின்கிட்டார் இருந்தாலும் அது பாட்டுக்குள் கேட்பது அரிது. பாட்டு தொடங்குமுன் ஒலிபெருக்கியில் எழும் 'ஊ' என்ற முனகல்தான் முதலில் கேட்கிறது. கேட்பவர்கள் வாசிப்பவரின் கையைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு தவறானது. குறை இருப்பது விரல்நுனியில் பிடிக்கும் சிறு வில்லையிலும் காலடியில் கிடக்கும் அடாப்டரிலும்தான்.

பிக்

கம்பியைத் தொடும் பொருளே ஒலியின் முதல் எழுத்து. சரோதுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் செய்த 'ஜவா' உண்டு. சிதாருக்குக் கம்பியாலான மிஸ்ராப் உண்டு. குயின் குழுவின் பிரையன் மே ஆறு பென்னி நாணயத்தால் வாசிப்பவர். மேலை நாடுகளில் ஒரு காலத்தில் கடலாமை ஓட்டில் பிக் செய்தார்கள். வனவிலங்கு வணிகத்துக்கான 1973 உடன்படிக்கைக்குப் பின் நைலான், செல்லுலாய்டு, டெல்ரின் பிக்குகளே நிலைத்தன.

சுருதி கூட்டிக் கோர்டு அடிக்க அரை மில்லிமீட்டர் பிக் போதும். தனி இசைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். மெல்லிய பிக் கம்பியில் பட்டு வளைவதால் 'டிக்' என்ற சத்தம் முன்னே வருகிறது, சுவரம் பின்னே வருகிறது. பழைய ஏ.டி.எம். அட்டையை வெட்டி வாசிப்பவரை ஏளனம் செய்வது அறியாமை. அந்த அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். கடையில் விற்கும் நடுத்தர பிக்கின் அளவும் ஏறக்குறைய அதுவே. வெட்டிய விளிம்பை உப்புத்தாளில் தேய்க்காமல் விடுவதே பிழை. பிசிறு கம்பியை அறுக்கும்.

பெடலுக்கு மின்சாரம்

பெரும்பாலான எஃபெக்ட்ஸ் பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. அவற்றின் பிளக்கில் நடுமுனை எதிர்மின், வெளிவளையம் நேர்மின். வீட்டு அடாப்டர்கள் பலவற்றில் இது தலைகீழ். செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டரைச் செருகி, பெடல் 'செத்துவிட்டது' என்று வருந்துவோர் கவனிக்க வேண்டியது இதையே.

ஓவர்டிரைவ் போன்ற அனலாக் பெடலுக்குப் பத்து, இருபது மில்லிஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலேக்கு நூறுக்கும் மேல் வேண்டியிருக்கும். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து எல்லாவற்றுக்கும் கொடுத்தால், டிஜிட்டல் பெடலின் கீச்சொலி பொதுக் கம்பி வழியே மற்றவற்றுக்குள் ஏறும். தனித்தனியாகப் பிரிந்த இணைப்புகள் கொண்ட மின்வழங்கியே சரியான தீர்வு, ஆனால் விலை அதிகம். டிலேக்கு மட்டும் தனி அடாப்டர், அனலாக் பெடல்களுக்கு 9 வோல்ட் பேட்டரி என்பது சிறு குழுக்களுக்கு இயலக்கூடியது. கச்சேரி முடிந்ததும் இன்புட் ஜாக்கிலிருந்து கேபிளை உருவிவிட வேண்டும். அந்த ஜாக்தான் பேட்டரியின் சுவிட்ச். மறந்தால் விடியும்போது பேட்டரி தீர்ந்திருக்கும்.

முனகலின் சுருதி

இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான அடாப்டரில் அது 100 ஹெர்ட்ஸ் முனகலாக வெளிப்படும். கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டையில் பிறக்கும் ஜி சுவரம் 98 ஹெர்ட்ஸ். ஆக முனகல் வெறும் இரைச்சல் அல்ல, சற்றே ஏறிப்போன ஒரு ஜி. தம்புரா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொய்ச் சுருதி உட்கார்ந்துகொள்கிறது. டீசல் ஜெனரேட்டரில் சீரியல் செட் விளக்குகளின் பளு ஏறி இறங்கும்போது அதுவும் நகரும். இத்தகைய தொல்லை தெருக்கூத்தின் முகவீணைக்கு இல்லை.

மின்கருவியால் சுருதி சுத்தம் இயலாது என்பாருக்கு மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) பதிலாக இருந்தார். இரட்டைக் கம்பிகளை நீக்கி, ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு மின்மாண்டலினில் அவர் கமகம் வாசித்தது பிக் கொண்டுதான். தட்டின் கூர்மை முதலில் வரும், பின் ஒலி நீண்டு இழையும். கருவி நாட்டுக்கு அந்நியமா என்ற வாதம் அவர் கச்சேரிகளில் கரைந்துபோனது.

மேடையில் முனகலைப் போக்கச் சிலர் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடுகிறார்கள். முனகல் குறையலாம், உயிர் போகலாம். கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு இணைந்தவை. கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கையில் இரண்டுக்கும் மின்னழுத்தம் வேறுபட்டால் மின்சாரம் உடல் வழியே பாயும். 1972இல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, பிரிட்டனின் ஸ்வான்சி மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். ஆடி மழையில் ஈரமான தரையில் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் இளையராஜா அமைத்த 'இளைய நிலா' பாட்டைக் கேட்டால் கிட்டாரின் இடம் விளங்கும். அதன் தொடக்கத்தைத் திருவிழா மேடைகளில் இன்று பல குழுக்கள் கீபோர்டில் வாசித்து முடித்துக்கொள்கின்றன. கிட்டாரிஸ்ட் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார். நல்ல பிக்கும் இரண்டு பேட்டரியும் இருந்தால் அவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கும்.