அன்பைச் சொல்லி வழக்காடுதல்

எபிரேயரின் இறைவன் அச்சத்துக்குரியவன், தமிழரின் இறைவன் அன்புக்குரியவன் என்ற பேச்சு நம் பக்தி இலக்கிய மேடைகளில் நன்றாக விலைபோகிறது. அங்கே அடிமை மண்டியிடுகிறானாம், இங்கே அன்பன் உரிமையோடு பேசுகிறானாம். கைதட்டல் வாங்கித் தரும் இந்த ஒப்பீடு, விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்திலுள்ள 150 பாடல்களைப் புரட்டினால் நிற்காது.

அங்கே துதிக்கென்று ஒரு கட்டு உண்டு: முதலில் அழைப்பு, அடுத்துக் காரணம். இரண்டே வசனமுள்ள 117ஆம் சங்கீதத்திலும் அதே அமைப்புதான். காரணம், இறைவனின் பேரன்பு. 136ஆம் சங்கீதமோ படைப்பு, எகிப்திலிருந்து விடுதலை, பாலைவன நடை, எல்லா உயிர்க்கும் உணவு என்று செயல்களை அடுக்கி, 26 வசனங்களிலும் அந்தக் காரணத்தையே பல்லவியாக்குகிறது. எகிப்தின் தலைப்பிள்ளைகளின் சாவும் அதே பட்டியலில் இருப்பது நெருடுகிறது, மறைப்பதற்கில்லை. ஆனால் உச்சம் 89ஆம் சங்கீதம். தாவீதின் வம்சத்துக்குத் தந்த வாக்கையும் அன்பையும் நெடுகப் புகழ்ந்துவிட்டுச் சட்டென்று திரும்பி, அந்தப் பழைய அன்பு எங்கே என்று இறைவனையே மடக்குகிறது. வழிபடக் காரணமான அன்பே வழக்குத் தொடுக்கவும் ஆதாரமாகிறது. இது அச்சத்தின் குரலா?

தமிழில் முதலாழ்வார்கள் வியந்தார்கள், அப்பர் நெகிழ்ந்தார். வழக்காடும் துணிச்சல் காஞ்சிபுரத்துக் கதைகளில்தான் பளிச்சிடுகிறது. சீடன் கணிகண்ணன் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டபோது, திருவெஃகாப் பெருமாளையே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னார் திருமழிசையாழ்வார், பெருமாளும் கிளம்பினார். மனைவி சங்கிலியாருக்குத் தந்த வாக்கை மீறிக் கண்ணிழந்த சுந்தரர், ஏகம்பத்தில் இடக்கண்ணைப் பெற்றதைப் பெரியபுராணம் சொல்கிறது. குற்றம் தன்னுடையது என்று தெரிந்தும் தோழனான சிவனிடம் சண்டையிட்டவர் அவர். வன்தொண்டர் என்ற பெயர் சும்மா வரவில்லை. 89ஆம் சங்கீதக்காரருக்குத் தமிழில் உடன்பிறந்தவர் இவர் ஒருவரே.

பிறகு வந்தது மரியாதையின் காலம். காஞ்சித் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர், வேங்கடவனின் கருணையை மட்டுமே பொருளாக்கி வடமொழியில் தயா சதகம் பாடினார். அந்தக் கருணை கருப்பஞ்சாறாய்ப் பெருகி உறைந்ததே திருமலை என்று தொடங்கும் அதன் கற்பனை அபாரம். ஆனால் அந்தக் கருணையை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. அருளுக்கு நம் பக்கமிருந்து ஒரு சாக்கு வேண்டுமா என்று வைணவத்தின் வடகலையும் தென்கலையும் தலைமுறைகளாக வாதாடின. அருள் வராத நாளில் பக்தன் என்ன செய்வான் என்பது அந்த வாதத்தில் காணாமல் போயிற்று. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறித்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிக’த்தில் இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே பாடல்கள் வைத்தார். இனிய தமிழ், இருந்தும் அவர் எடுத்துக்கொண்டது அப்பரின் நெகிழ்ச்சியை, சுந்தரரின் முறுக்கை அல்ல. சங்கீதம், தேவாரம் இரண்டின் கோபத்துக்கும் வாரிசாகியிருக்க வேண்டியவர் நன்றியோடு நின்றுவிட்டார்.

ஆனால் கோபம் மட்டும் போதாது, செயலைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். அப்படிக் காட்டச் சான்று நம்மிடமும் உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள வீரராஜேந்திரன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பூசைச் செலவோடு வேதபாடசாலையையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையையும், மருத்துவர் முதல் நாவிதர் வரையான பணியாளர்களையும் கணக்கெழுதி வைத்திருக்கிறது. தயா சதகம் பாடும் அதே தெய்வத்தின் கருணை இங்கே நெல்லும் மருந்துமாக நிற்கிறது. அன்புக்கு இப்படிச் சான்று வைத்துப் பாடியதே 136ஆம் சங்கீதத்தின் பலம்.

நம் கல்லூரிகள் சங்கீதத்தைச் சமய வகுப்பிலும் சுந்தரரைத் தமிழ் வகுப்பிலும் பூட்டி வைத்திருக்கின்றன. 89ஆம் சங்கீதத்தையும் சுந்தரர் பதிகங்களையும் ஒரே பாடமாக வைக்கட்டும். அச்சம், அன்பு என்ற மேடைப் பாகப்பிரிவினை ஒரே பருவத்தில் பொய்த்துப்போகும்.